நாணயத்தை உரசிப் பார்ப்பவர்கள்

2025 மே மாதம் லீவுக்குப் பாம்பன் போயிருந்தபோது, சித்தி மகன் என்னைப் பைக்கில் சாலைப் பாலத்துக்கு அழைத்துப் போனான். புதிய ரயில் பாலம் திறந்து ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. ராமேஸ்வரம் வருகிறவர்கள் எல்லாம் அங்கே நின்று பார்த்துவிட்டுத்தான் போகிறார்கள். கைப்பிடிச் சுவரோரம் ஒரே கூட்டம், எல்லார் கையிலும் செல்போன். இவன் பாலத்தைப் பார்க்கவில்லை. தன் செல்போனை என்னிடம் நீட்டினான்.

"அண்ணே, இதுல கொஞ்சம் காசு போட்டு வச்சிருக்கேன். நீ கம்ப்யூட்டர் வேலைதான பாக்குற. பத்திரமா இருக்குமாண்ணே?"

அது ஒரு கிரிப்டோ ஆப். அவனுக்குத் தொழில் நண்டு வியாபாரம். படகில் வருகிற நண்டை எடுத்துக் கம்பெனிக்கு அனுப்புவான். தடைக்காலம் என்பதால் அப்போது வேலை இல்லை. இரண்டு சீசனில் மிச்சம் பிடித்த காசு அந்த ஆப்பில் இருந்தது.

எனக்குப் பதில் தெரியவில்லை. இருபது வருடத்துக்கு மேல் சாஃப்ட்வேர் எழுதுகிறேன். ஆனாலும் ஓர் ஆப்பை வெளியில் இருந்து பார்த்து அது உறுதியானதா என்று சொல்ல முடியாது. "பாத்துட்டுச் சொல்றேன்டா" என்றேன். அப்படிப் பார்க்கப் போய்ச் சேர்ந்த குறிப்புகள்தான் இந்தக் கட்டுரை. நான் பாதுகாப்பு ஆய்வாளன் இல்லை, வரலாற்றுப் பேராசிரியனும் இல்லை. படித்தது பி.இ. அதை மனதில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

வண்ணக்கன்

தமிழில் நாணயம் என்றால் காசு. நாணயம் என்றால் நேர்மையும்தான். "நாணயமான ஆள்" என்கிறோம். காசுக்கு மதிப்பு அதன் உலோகத்தில் இருந்து வருகிறது, ஆனால் கையில் வாங்குகிறவனுக்கு உலோகம் சரியா என்று தெரியாது. அதைச் சொல்ல நடுவில் ஒருவர் வேண்டும்.

அந்த ஒருவருக்குப் பழந்தமிழில் பெயர் வண்ணக்கன். பொன்னையும் காசையும் சோதித்து மாற்றுச் சொல்பவர். சங்கப் புலவர்களிலேயே வடம வண்ணக்கன் தாமோதரனார், புதுக்கயத்து வண்ணக்கன் கம்பூர் கிழான் என்று பெயர்கள் இருக்கின்றன. பெயரோடு சேர்த்துச் சொல்லும் அளவுக்கு அது மதிப்பான தொழில். பிற்காலத்தில் நோட்டக்காரர் என்றார்கள். 'நோட்டம் பார்ப்பது' என்று நாம் இன்று வேறு அர்த்தத்தில் சொல்வது அவர்கள் வேலைதான். அவர்களின் கருவி உரைகல். பொன்னைக் கல்லில் இழுத்து, விழுந்த கோட்டின் நிறத்தை மாற்றுத் தெரிந்த பொன்னின் கோட்டோடு ஒப்பிடுவார்கள்.

இதில் கவனிக்க வேண்டியது, வண்ணக்கன் காசு அடிப்பவர் இல்லை என்பது. அக்கசாலையில் அடிப்பவர் ஒருவர், சோதிப்பவர் வேறொருவர். இரண்டும் ஒரே ஆளாக இருந்தால் சோதனைக்கு அர்த்தம் கிடையாது.

அளவுகோலையும் ஒளித்து வைக்கவில்லை. தஞ்சைப் பெரிய கோயிலில் முதலாம் ராஜராஜன் கொடுத்த பொன்னை 'ஆடவல்லான்' என்ற கல்லாலும், மணிகளைத் 'தட்சிணமேருவிடங்கன்' என்ற கல்லாலும் நிறுத்ததாகக் கல்வெட்டு சொல்கிறது. எந்த எடைக்கல்லால் நிறுத்தோம் என்பதையும் சுவரில் வெட்டி வைத்திருக்கிறார்கள். சந்தேகம் வந்தால் யாரும் மறுபடி நிறுத்துப் பார்க்கலாம்.

எங்கள் கடற்கரைக்கும் ஒரு காசு உண்டு. யாழ்ப்பாணத்து ஆரியச்சக்கரவர்த்திகள் அடித்த செப்புக் காசில் ஒரு பக்கம் படுத்த காளை, அதன் கீழே தமிழில் 'சேது' என்ற எழுத்து. நீரிணைக்கு அந்தப் பக்கம் அடித்த காசில் இந்தப் பக்கத்துப் பெயர். சின்ன வயதில் அப்படி ஒன்றைக் கையில் வைத்துப் பார்த்திருக்கிறேன். எடை தெரியும், தேய்மானம் தெரியும். கிரிப்டோ காசில் உரசிப் பார்க்க ஒன்றும் இல்லை. அங்கே காசு என்பதே சாஃப்ட்வேர்தான். அப்படியானால் அதற்கு வண்ணக்கன் யார்?

நான் தோற்ற கதை

இதை முதலில் சொல்லிவிடுகிறேன், என் லட்சணம் தெரிந்துவிடும்.

பிட்காயினில் பெட்டி, பூட்டு எதுவும் கிடையாது. ஒரு ரகசிய எண் இருக்கும், அதுதான் சாவி. சுமார் 78 இலக்கம் வரை போகக்கூடிய எண். அது யாரிடம் இருக்கிறதோ அவருடையது காசு. உண்மையாகவே குருட்டாம்போக்கில் அந்த எண்ணைத் தேர்ந்தெடுத்தால், உலகத்துக் கம்ப்யூட்டர்கள் எல்லாம் சேர்ந்தாலும் ஊகிக்க முடியாது.

ஆனால் 78 இலக்கத்தை யார் மனப்பாடம் செய்வது? அதற்கு ஒரு குறுக்கு வழி வந்தது. உங்களுக்குப் பிடித்த ஒரு சொற்றொடரைக் கொடுங்கள், அதை எஸ்ஹெச்ஏ-256 என்ற கணக்கில் போட்டால் ஓர் எண் வரும், அதையே சாவியாக வைத்துக்கொள்ளுங்கள். சொற்றொடர் நினைவில் இருந்தால் போதும். இதற்கு மூளைப் பர்ஸ் என்ற அர்த்தத்தில் ஆங்கிலத்தில் பெயர் வைத்தார்கள்.

2013 கடைசியில் நானும் ஒன்று செய்தேன். ஆங்கில எழுத்தில் பாம்பன் பாலத்தின் பெயர், கூடவே அது திறந்த 1914. 'அமெரிக்காவில் இருக்கிற திருடனுக்குப் பாம்பன் எங்கே தெரியப் போகிறது' என்று நினைத்தேன். கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது. சில ஆயிரம் ரூபாய் மதிப்புக்குப் பிட்காயின் போட்டேன். மறுநாள் காலையில் பார்த்தேன், இல்லை.

எப்படிப் போனது என்று எனக்குப் புரிய இரண்டு வருடம் ஆனது. 2015 ஆகஸ்டில் லாஸ் வேகஸில் நடந்த டெஃப்கான் மாநாட்டில் ரயன் காஸ்டலூச்சி என்ற ஆய்வாளர், இப்படிப்பட்ட சாவிகளை அதிவேகமாக ஊகிக்கும் பிரெயின்ஃப்ளேயர் என்ற மென்பொருளை வெளியிட்டார். ஏடிஎம்மில் மூன்று முறை தப்பாக அடித்தால் கார்டு முடங்கும். இங்கே தடுக்க யாரும் இல்லை. திருடன் தன் வீட்டில் உட்கார்ந்து அகராதி, பாட்டு, விக்கிபீடியாவின் தலைப்புகள் எல்லாவற்றையும் கணக்கில் போட்டுப் பார்க்கலாம். பிட்காயினின் பேரேடு எல்லாருக்கும் தெரியும்படி இருப்பதால், வந்த எண்ணில் காசு இருக்கிறதா என்று உடனே சரிபார்க்கலாம். பாம்பன் பாலம் விக்கிபீடியாவில் இருக்கிறது. பின்னால் ஒரு வருடத்தை ஒட்டிப் பார்ப்பது அந்த மென்பொருளுக்கு ஒரு வேலையே இல்லை.

அடுத்த வருடம் அவரும் மேரி வாசெக், ஜோசஃப் போனோ உள்ளிட்ட ஆய்வாளர்களும் சேர்ந்து ஓர் ஆய்வறிக்கை வெளியிட்டார்கள். சுமார் 30,000 கோடி கடவுச்சொற்களைப் போட்டுப் பார்த்திருக்கிறார்கள். 2011 செப்டம்பர் முதல் 2015 ஆகஸ்ட் வரை புழக்கத்தில் இருந்தவையாக 884 பர்ஸ்கள் அகப்பட்டன. அவற்றில் 21 தவிர மற்றதெல்லாம் காலி. பெரும்பாலும் 24 மணி நேரத்துக்குள், பல சமயம் சில நிமிடத்துக்குள். இதற்கென்றே ஒரு டஜன் பேர் வரை போட்டி போட்டுக்கொண்டு காத்திருந்திருக்கிறார்கள். அதிகக் காசு வைத்தவர்கள் நல்ல கடவுச்சொல் வைத்தார்கள் என்பதற்கும் ஆதாரம் இல்லையாம்.

அந்த மென்பொருளை வெளியிட்டது திருடனுக்கு உதவுவது ஆகாதா? எனக்கும் முதலில் கோபம்தான் வந்தது. ஆனால் என் காசு போனது 2013-இல். அதாவது திருடர்களிடம் அந்தக் கருவி முன்பே இருந்தது. என்னைப் போன்ற ஏமாளிகளுக்கு மட்டும்தான் தெரியாமல் இருந்தது.

எதிராளியின் பிழை

1883-இல் ஆகஸ்ட் கெர்க்ஹாஃப்ஸ் என்பவர் ராணுவ ரகசிய எழுத்து பற்றி பிரெஞ்சில் எழுதிய கட்டுரையில் ஒரு விதி சொன்னார். முறை எதிரியின் கையில் கிடைத்தாலும் ஒன்றும் கெட்டுப் போகக் கூடாது. சாவி மட்டும்தான் ரகசியமாக இருக்க வேண்டும். இன்றைய கிரிப்டோகிராஃபி முழுக்க இந்த விதியின் மேல்தான் நிற்கிறது. பிட்காயினின் நிரலை யார் வேண்டுமானாலும் படிக்கலாம்.

யார் வேண்டுமானாலும் படிக்கலாம் என்பதற்காக எல்லாரும் படித்துவிட்டார்கள் என்று அர்த்தம் இல்லை. 2010 ஆகஸ்ட் 15 அன்று பிட்காயினில் ஒரு பரிவர்த்தனை நடந்தது. உலகத்தில் மொத்தமே 2.1 கோடிதான் உருவாக முடியும் என்று விதி. அந்த ஒரே பரிவர்த்தனையில் 18,400 கோடிக்கும் அதிகமான பிட்காயின் உருவாகிவிட்டது. காரணம் எங்கள் தொழிலில் முதல் வருடத்தில் சொல்லிக் கொடுக்கும் பிழை. இரண்டு பெரிய எண்களைக் கூட்டும்போது கூட்டுத்தொகை இடத்துக்குள் அடங்காமல் வழிந்து எதிர்மறை எண்ணாகிவிட்டது. 'வரவைவிடச் செலவு அதிகமா' என்ற சோதனை அதைக் கண்டுபிடிக்கவில்லை. சில மணி நேரத்தில் திருத்தம் வந்தது, அந்தக் காசுகள் செல்லாமல் போயின. அப்போது பிட்காயினுக்குப் பெரிய விலை இல்லாததால் தப்பித்தது.

எட்டு வருடம் கழித்து, 2018 செப்டம்பரில் நடந்ததுதான் எனக்கு மிகவும் பிடித்த சம்பவம். ஒரே காசை ஒரே பரிவர்த்தனையில் இரண்டு முறை செலவழிக்க வழிவிடும் பிழை பிட்காயின் மென்பொருளில் இருந்தது. வேகத்துக்காக 'இந்தச் சோதனை இங்கே தேவையில்லை' என்று யாரோ ஒரு வரியை எடுத்ததன் விளைவு. நிரலாளர்கள் எல்லாருக்கும் இது நடந்திருக்கும், எனக்கும் நடந்திருக்கிறது. அதைக் கண்டுபிடித்தவர் ஆவமெனி என்ற புனைபெயர்க்காரர். அவர் பிட்காயின் கேஷ் தரப்பின் நிரலாளர். பிட்காயினில் இருந்து சண்டை போட்டுப் பிரிந்த போட்டிக் காசு அது. பிழையை வைத்துக் காசு பார்த்திருக்கலாம், எதிராளியை மண்ணைக் கவ்வ வைத்திருக்கலாம். அவர் செப்டம்பர் 17 அன்று சம்பந்தப்பட்டவர்களுக்கு ரகசியமாக எழுதினார். மறுநாள் திருத்தம் வந்தது. பிட்காயின் அன்று பிழைத்தது போட்டியாளர் ஒருவரின் நாணயத்தால்.

எல்லா இடத்திலும் இப்படி நல்லபடியாக முடியவில்லை. 2017-இல் எம்ஐடியின் டிஜிட்டல் கரன்சி இனிஷியேட்டிவில் நேஹா நருலாவும் சக ஆய்வாளர்களும் ஐஓட்டா என்ற கிரிப்டோ காசைச் சோதித்தார்கள். உலகம் பல வருடம் அடித்துப் பார்த்துத் தேர்ந்த ஹேஷ் முறைகள் இருக்க, ஐஓட்டாக்காரர்கள் 'கர்ல்' என்று சொந்தமாக ஒன்று செய்திருந்தார்கள். இரண்டு வெவ்வேறு செய்திகளுக்கு ஒரே ஹேஷ் வர வைக்க முடியும் என்று ஆய்வாளர்கள் காட்டினார்கள். ஒன்றுக்குப் போட்ட கையெழுத்து இன்னொன்றுக்கும் பொருந்திவிடும் என்றால் அந்தக் கையெழுத்துக்கு என்ன மதிப்பு? ஐஓட்டா அந்த இடத்தில் வேறு ஹேஷ் முறைக்கு மாறியது. ஆனாலும் அது பிழையே இல்லை என்று மாதக்கணக்கில் வாதம் நடந்தது. உரைகல்லைத் திட்டுவது பழைய வழக்கம்தான் போல.

சென்னை ஐஐடியில் படித்த அரவிந்த் நாராயணன் பிரின்ஸ்டனில் பேராசிரியர். அவரும் சேர்ந்து செய்த ஆய்வு ஒன்று மொனேரோ பற்றியது. யார் யாருக்குக் கொடுத்தார்கள் என்பதை மறைப்பதுதான் மொனேரோவின் பெருமை. நிஜக் காசோடு சில போலிக் காசுகளையும் கலந்து காட்டும். அன்றுவரை பேரேட்டில் அப்படிக் கலந்து மறைத்தவற்றில் சுமார் 62 சதவீதத்தில் எது நிஜம் என்று விலக்கிப் பார்த்தே கண்டுபிடிக்க முடிந்தது. இங்கே யாருடைய காசும் திருடு போகவில்லை. கொடுத்த வாக்குதான் பொய்யாகியிருந்தது. மொனேரோ அடுத்தடுத்த பதிப்புகளில் முறைகளை இறுக்கியது.

நம் ஊர் வழக்கு

இந்தியாவுக்கு வருவோம். 2024 ஜூலை 18 அன்று வசீர்எக்ஸ் சந்தையின் ஒரு பர்ஸில் இருந்து சுமார் 23.5 கோடி டாலர் போனது. அந்தப் பர்ஸுக்கு ஆறு கையெழுத்துக்காரர்கள். வசீர்எக்ஸ் தரப்பில் ஐந்து, காவல் சேவை தந்த லிமினல் தரப்பில் ஒன்று. அந்தப் பக்கம் மூன்றும் இந்தப் பக்கம் ஒன்றும் சேர்ந்தால்தான் காசு நகரும். கணக்குப்படி பார்த்தால் பிரமாதமான ஏற்பாடு. ஆனால் திரையில் தெரிந்தது ஒன்று, உண்மையில் கையெழுத்தானது வேறொன்று என்பது வசீர்எக்ஸ் தந்த விளக்கம். தன் பக்கம் ஊடுருவல் இல்லை என்றது லிமினல். 2025 ஜனவரியில் அமெரிக்கா, ஜப்பான், தென்கொரியா மூன்றும் கூட்டறிக்கையில் இதை வட கொரியாவின் வேலை என்றன.

இங்கே யாரும் கணிதத்தை உடைக்கவில்லை. கையெழுத்துப் போடும் மனிதர் எதைப் பார்த்துப் போடுகிறார் என்ற இடத்தில்தான் ஓட்டை. சாவியை மட்டும் சோதித்தால் போதாது, கதவு, கீல், காவல்காரரின் கண் எல்லாவற்றையும் சோதிக்க வேண்டும்.

களவு போன பிறகு, காசை மீட்க உதவுகிறவர்களுக்கு 2.3 கோடி டாலர் வரை பரிசு என்று அறிவித்தார்கள். ஆவமெனி ஒரு பைசா பேரம் பேசாமல் கடிதம் எழுதியது எனக்கு நினைவுக்கு வந்தது. களவுக்கு முன்பே இதில் நூறில் ஒரு பங்கைக் கொடுத்தால் எத்தனை வண்ணக்கன்கள் வரிசையில் நிற்பார்கள்!

சந்தை திரும்பத் திறக்க 2025 அக்டோபர் ஆனது. அதே அக்டோபரில் சென்னை உயர் நீதிமன்றத்தில் ஒரு தீர்ப்பு வந்தது. திருட்டில் சம்பந்தப்படாத 3,532 எக்ஸ்ஆர்பி காசுகள் தன் கணக்கில் முடங்கிவிட்டதாக ஒரு முதலீட்டாளர் வழக்குப் போட்டிருந்தார். கிரிப்டோ காசு கையால் தொடக்கூடியது இல்லை, அரசு நாணயமும் இல்லை. ஆனால் அது சொத்து, ஒருவர் இன்னொருவருக்காக அறங்காவலராக வைத்திருக்கக் கூடியது என்றார் நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ். சொத்து என்றால் அதைக் காப்பவருக்குப் பொறுப்பு வருகிறது.

சோதிக்கிறவரின் நிலைமையையும் சொல்ல வேண்டும். நம் தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000-இன் 43-ஆம் பிரிவுப்படி உரிமையாளரின் அனுமதி இல்லாமல் ஒரு கம்ப்யூட்டருக்குள் நுழைவது தவறு. கெட்ட எண்ணத்தோடு செய்தால் 66-ஆம் பிரிவில் மூன்று வருடம் வரை சிறை. நல்ல எண்ணத்தோடு சோதித்தவர் என்று தனியாக ஒரு விலக்கு அந்தப் பிரிவுகளில் எழுதப்படவில்லை. ஆகவே நிறுவனம் கதவைத் திறந்து 'வந்து சோதியுங்கள்' என்று கூப்பிட்டால்தான் உண்டு. கூப்பிடாத கம்பெனியின் பூட்டைத் திருடன் மட்டும்தான் சோதிப்பான்.

பாலத்துக்குத் திரும்பி

தம்பிக்கு என்ன பதில் சொல்வது? பாலமே கை கொடுத்தது.

பழைய பாலத்தில் 2022 டிசம்பரில் ரயிலை நிறுத்தினார்கள். புதியதைக் கட்டி முடித்த பிறகு, 2024 நவம்பரில் ரயில்வே பாதுகாப்பு ஆணையர் வந்து சோதித்தார். பாலம் கட்டியது ரயில்வே நிறுவனம். ஆணையரோ ரயில்வே அமைச்சகத்துக்குக் கீழே வராமல் விமானப் போக்குவரத்து அமைச்சகத்துக்குக் கீழே வருகிறவர். அடிப்பவர் வேறு, வண்ணக்கன் வேறு. அவர் அறிக்கையில் திட்டமிடலில் இருந்தே குறைகள் என்று கடுமையாக எழுதினார். பாலத்தில் 75 கிலோமீட்டர், தூக்கும் பகுதியில் 50 கிலோமீட்டர் என்று வேகத்துக்கு வரம்பு போட்டார். அறிக்கை செய்தித்தாள்களில் வந்தது, ஊரில் டீக்கடை வரை பேசினார்கள். ரயில்வே குழு போட்டுப் பதில் சொல்ல வேண்டி வந்தது. 2025 ஏப்ரல் 6 அன்றுதான் பாலம் திறந்தது.

ஊரில் சிலருக்கு அந்த அறிக்கை கௌரவக் குறைச்சலாக இருந்தது. எனக்கு அப்படித் தோன்றவில்லை. குறை எழுதப்பட்ட பாலத்தில்தான் எனக்குத் தைரியமாகப் போக முடிகிறது. குறையே எழுதாத பாலம் என்றால், யாரும் பார்க்கவில்லை என்று அர்த்தம்.

சென்னை திரும்பிய பிறகு தம்பிக்குப் போன் போட்டேன். மூன்று கேள்வி சொன்னேன். இந்த ஆப்பை வெளியாள் யாராவது சோதித்து அறிக்கை கொடுத்திருக்கிறார்களா? பிழை கண்டுபிடித்தால் யாருக்கு எழுத வேண்டும், என்ன தருவோம் என்று போட்டிருக்கிறார்களா? இதுவரை என்னென்ன பிழை வந்தது, எப்படிச் சரி செய்தோம் என்று ஒளிக்காமல் சொல்லியிருக்கிறார்களா?

"நீ தேடிப் பாத்தியாண்ணே?"

"பாத்தேன். மூணுக்கும் ஒண்ணும் கிடைக்கல."

கொஞ்ச நேரம் பேச்சில்லை. பிறகு கேட்டான். "அப்ப பாலத்துக்கு ஒரு ஆபீசர் வந்த மாதிரி இதுக்கு யாருமே வரலியா?"

தடைக்காலம் முடிவதற்குள் பெரும்பகுதியை எடுத்துவிட்டான். புது ஐஸ் பெட்டி வாங்கினான். ஒரு சின்னத் தொகையை மட்டும் விட்டு வைத்திருக்கிறானாம். ஏன்டா என்றேன். "போனாப் போகட்டும்ணே, உன் 1914 மாதிரி" என்றான்.